பழைய மடிக்கணினிக்குப் புது நினைவு

பாகூர் என்றதும் வரலாற்று மாணவர்க்கு நினைவுக்கு வருவது பாகூர்ச் செப்பேடு. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் விளங்கிய வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கல்விக்கு அளித்த கொடை மறந்து போகாதிருக்க அன்று செம்பு உதவியது. இன்று அதே பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவர் தம் பாடக்குறிப்பையும், செய்முறைப் பதிவையும், உதவித்தொகை விண்ணப்பத்தையும் கணினியின் நினைவில் வைக்கின்றனர். அந்த நினைவு எவ்வாறு பதிகிறது? பழைய கணினி ஏன் ஆமை வேகத்தில் நகர்கிறது? குறைந்த செலவில் அதைச் சீராக்க வழி உண்டா? இவற்றைச் சற்றே விரிவாகக் காண்போம்.

நம் வீடுகளுக்கு வந்த கணினி

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பாகூர் கொம்யூனை ஒட்டிக் கடலூர் மாவட்டம். வில்லியனூரைத் தாண்டிச் சென்றால் விழுப்புரம் மாவட்டம். எல்லைக்கு இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். ஆகவே அங்கே படித்த அத்தை மகனுக்கோ மாமன் மகளுக்கோ கிடைத்த மடிக்கணினி, அவர்கள் படிப்பு முடிந்தபின் இங்கே வந்து சேர்வது இயல்பு.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணினியைப் பற்றிக் கேட்டறிய வீட்டில் எவரும் இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாலும் திரை தயாராகியிருக்காது. "இது அவ்ளோதான். என் தோட்டை வச்சுப் புதுசா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார் அம்மா. தோடு அடகுக் கடைக்குப் போகாமல் தப்பியது. அதைத் தப்பவைத்தது உள்ளங்கை அளவுள்ள ஓர் உதிரிப் பாகம். அதுவே எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலை நினைவகம்.

சுழலும் தட்டு

பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டு. இதன் மூதாதை 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ராமாக்' கணினியில் இருந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று அது ஒரு கைப்பேசிப் புகைப்படத்துக்குத்தான் போதும்.

வன்தட்டுக்குள் காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடு சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கரம் முன்னும் பின்னும் நகர்ந்து செய்தியைப் படிக்கிறது. திருவிழா ராட்டினத்தில் நமக்குரிய தொட்டில் கீழே வரும்வரை காத்து நிற்கிறோம் அல்லவா? கரமும் அவ்வாறே தனக்கு வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கிறது.

இக்காத்திருப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மடிக்கணினி வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 சுற்றுகள், அதாவது விநாடிக்கு 90 சுற்றுகள் சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவிநாடி. சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருந்தால் 5.5 மில்லிவிநாடி. கரம் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தேடலுக்குச் சுமார் 15 மில்லிவிநாடி ஆகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஆங்காங்கே தேடி எடுக்க வேண்டியுள்ளது. 10,000 தேடல் என்று வைத்துக்கொண்டால் 150 விநாடி, அதாவது இரண்டரை நிமிடம், தேடுவதிலேயே கழிகிறது. கணினியின் மூளையாகிய செயலி அவ்வளவு நேரமும் பெரும்பாலும் வேலையின்றிக் காத்துக்கிடக்கிறது. ஆகவே பல வீடுகளில் மெதுவாக இருப்பது கணினி அன்று, அதன் தட்டே.

சுழலாத நினைவு

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தகடும் இல்லை, நகரும் கரமும் இல்லை. சிலிக்கான் சில்லில் கோடானுகோடி நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு சிறு பகுதி உண்டு. அதில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தினால் ஒரு நிலை. வெளியேற்றினால் மற்றொரு நிலை. இவ்விரு நிலைகளே 0, 1 என்னும் இலக்கங்களைக் குறிக்கின்றன. எலக்ட்ரான்கள் காப்புப் படலத்தை ஊடுருவிச் செல்வது, நாம் இயற்பியலில் படிக்கும் குவாண்டம் ஊடுருவலே ஆகும். மின்சாரத்தை நிறுத்தினாலும் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் அங்கேயே இருப்பதால் நினைவு அழிவதில்லை.

மிதக்கும் வாயில் எனப்படும் இவ்வமைப்பை 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் உருவாக்கினர். அதனடிப்படையில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோகா 1984-இல் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். 1987-இல் வெளிவந்த நாண்ட் வகையே இன்று பென் டிரைவிலும், கைப்பேசியிலும், எஸ்.எஸ்.டி.யிலும் உள்ளது.

இதில் ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் சுமார் 0.1 மில்லிவிநாடி. மேலே கூறிய 10,000 தேடல்களும் ஒரு விநாடியில் முடிந்துவிடும். எங்கள் மடிக்கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் தயாராகிறது. நகரும் பாகம் இல்லாமையால் பேருந்து நெரிசலிலும் மேடுபள்ளச் சாலையிலும் அதிர்ச்சியைத் தாங்கும். மின்சாரமும் குறைவாகவே செலவாகும்.

2011-இல் தொடங்கிய திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் 320 ஜி.பி. வன்தட்டு இருந்தது. கல்லூரி மாணவர்க்கென 2025-இல் எல்காட் கோரிய மடிக்கணினிகளுக்கோ 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. குறிக்கப்பட்டது. கொள்ளளவு குறைந்தும் கணினி விரைவானது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

வாங்கும் முன்

பழைய மடிக்கணினிக்குப் பொருந்துவது பெரும்பாலும் 2.5 அங்குல அளவும் 'சாட்டா' இணைப்பும் கொண்ட வகை. எம்.2 என்னும் சிறு பட்டை வடிவம் பிற்காலக் கணினிகளுக்குரியது. ஆதலால் கணினியைக் கையோடு எடுத்துச் சென்று பார்த்து வாங்குவதே நலம். மிக வேகமான, விலை கூடிய வகை தேவையில்லை. பழைய இணைப்பின் வழியே அவ்வேகம் முழுவதும் வராது. படிப்புக்கு 240 அல்லது 256 ஜி.பி. தாராளம். விலை சந்தைக்கேற்ப ஏறியிறங்கும். ஆகையால் இரண்டு மூன்று கடைகளில் விசாரிக்க வேண்டும். ஊர்பேர் தெரியாத உறையில், நம்ப முடியாத கொள்ளளவை அடிமாட்டு விலைக்குத் தருவதாகச் சொன்னால் விலகிவிடுவதே அறிவுடைமை.

நுண்ணறைகள் எழுதி அழிக்கும்தோறும் தேய்வது உண்மையே. அதனால் எவ்வளவு எழுதலாம் என்ற அளவை நிறுவனங்களே குறிப்பிடுகின்றன. 80 டெராபைட் என்று குறித்திருந்தால், நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் 4,000 நாள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டு ஆகும். மாணவன் ஒருவன் அவ்வளவு எழுதுவது அரிது.

மாற்றும் முறை

முதற்கண் முக்கியமான கோப்புகளை வேறொரு பென் டிரைவில் படியெடுக்க வேண்டும். பின்னர் பழைய தட்டில் உள்ளதை அப்படியே புதியதற்கு நகலெடுக்கலாம். அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம். மின்னிணைப்பையும் பேட்டரியையும் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உடலில் உள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கக்கூடும். எனவே மண்ணோடு தொடர்புள்ள ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கைவைப்பது நல்லது. சில திருகுகளும் ஒரு செருகலும்தான் வேலை. கழற்றிய வன்தட்டு நல்ல நிலையில் இருப்பின், அதற்குரிய உறையில் இட்டு வெளிச் சேமிப்பாகப் பயன்படுத்தலாம்.

இதனால் ஆகாதவை

எஸ்.எஸ்.டி. சர்வரோக நிவாரணி அன்று. 2 ஜி.பி. ரேம் மட்டும் உள்ள கணினியில் பல பக்கங்களை ஒருசேரத் திறந்தால் திணறவே செய்யும். இடமிருந்தால் அதையும் 4 ஜி.பி. ஆக்குவது நலம். பேட்டரி போனது போனதே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி இப்பழைய கணினிகளுக்குப் பெரும்பாலும் இல்லை. எனவே கட்டணமில்லா லினக்ஸ் வகைகளில் எளிய ஒன்றை நாடலாம். நம் நாட்டின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் அவற்றுள் ஒன்று.

மற்றொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். வன்தட்டு பழுதாகும் முன் பலமுறை 'டக் டக்' என்று ஒலித்து எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. சத்தமின்றி ஒருநாள் நின்றுவிடக்கூடும். மின்சாரம் தராமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வைத்தால் எலக்ட்ரான்கள் மெல்லக் கசிந்து பதிவும் கெடலாம். ஆயிரம் ஆண்டைக் கடந்து நின்ற செப்பேட்டின் ஆயுளை அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், திட்டக் கட்டுரை ஆகியவற்றுக்கு எப்போதும் வேறிடத்தில் ஒரு படி இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! பழுதென்று மூலையில் கிடக்கும் கணினிகள் நம் ஊர்களில் எத்தனையோ. அவை குப்பைக்குப் போனால் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் மண்ணைச் சேரும். வட்டிக்கு வாங்கிய பணத்தில் புதியது வந்தால் அக்கடன் நம் பெற்றோர் தலையில் ஏறும். வாங்குமுன் திறந்து பாருங்கள். எந்த உறுப்பு தளர்ந்தது என்று கண்டறியுங்கள். அதை மட்டும் மாற்றுங்கள். நாம் கற்ற இயற்பியல் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், தெருவில் உள்ள அடுத்த பிள்ளையின் படிப்புக்கும் பயன்படட்டும்.