அயனி மண்டலத்தின் அடித்தளம்

திருப்பூரை அடுத்த வேலம்பாளையத்திலேனும் வேறெவ்வூரிலேனும் மத்திய அலை வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஒன்றைக் கண்டிருப்பர். பகலில் அண்மை நிலையங்களையன்றிப் பிறவற்றைக் கேட்பிக்கமாட்டாத அப்பெட்டி, பொழுது சாய்ந்தபின் கடல் கடந்த நிலையங்களையும் கேட்பிக்கும். பெட்டி மாறவில்லை, நிலையமும் மாறவில்லை. மாறியது யாதெனின், நம் தலைக்குமேல் ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் வரையுள்ள காற்றேயாம். அதன் இயல்பையும், அறிஞர் அதனை அளந்தறியும் வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கதிரவனின் கட்புலனாகாக் கதிர்கள் உயர்வெளிக் காற்றின் மூலக்கூறுகளைத் தாக்கி, அவற்றினின்றும் எலெக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. எலெக்ட்ரானை இழந்த மூலக்கூறு நேர்மின் அயனி எனப்படும். இவை மலிந்த பகுதியே அயனி மண்டலம். இப்படியொரு பகுதி உண்டென 1902-ல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தனர். 1924-ல் ஆப்பிள்டன் சோதனையால் நிறுவினார். இதன் மேற்றளங்கள் வானொலி அலைகளை மண்ணுக்குத் திருப்பியனுப்பும். ‘டி’ எனப்படும் அடித்தளமோ அவற்றை விழுங்கிவிடும். அங்கே காற்றுச் செறிவு மிகுதியாதலின், அலையால் அசைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மூலக்கூறுகளோடு மோதி, அலையினிடத்துப் பெற்ற ஆற்றலை இழக்கின்றன. இரவில் கதிரவன் இன்மையால் அவ்வெலெக்ட்ரான்கள் பெரிதுங் குறைய, அலைகள் தடையின்றி மேற்சென்று மீள்கின்றன. வானொலிப் பெட்டியின் மறைபொருள் இதுவேயாகும்.

இனி, இத்தளத்தை அளப்பது எளிதோவெனின், அன்று. பலூன்கள் சாதாரணமாக 40 கிலோமீட்டருக்குமேல் ஏறா. துணைக்கோள்கள் இவ்வளவு தாழ்வாகச் சுற்றின் காற்றுராய்வினால் விரைவில் வீழ்ந்தழியும். மண்ணிலிருந்து அனுப்பும் அலைகளோ இங்கே பெரிதும் விழுங்கப்படுகின்றன. ஆதலின், நேரே சென்று அளக்கவல்லது ராக்கெட்டு ஒன்றே. அதுவும் இத்தளத்தைச் சில நிமிடங்களிற் கடந்துவிடும். நண்பகலில் 80 கிலோமீட்டர் உயரத்தே ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 1000 எலெக்ட்ரான்களே உண்டு. பல்லாயிரங்கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்னும் அளவில் உள்ள இவற்றை எங்ஙனம் எண்ணுவது?

எம்மூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் நாற்பதாம் நம்பர் நூல் என்பர். அந்நூலின் பருமனை எவரும் கோல்கொண்டு அளந்தாரில்லை. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு நிறை நிற்குமாயின், அது நாற்பதாம் நம்பர். அளக்கத்தகும் நீளத்தையும் நிறையையுங் கொண்டு, நேரே அளத்தற்கரிய நுண்மையை அறியும் வழி இது. எலெக்ட்ரானை எண்ணுவதும் இத்தகையதே. ராக்கெட்டின் முகப்பில் சிறியதோர் உலோக முனையை அமைத்து, அதற்குச் சில வோல்ட்டு நேர்மின் அழுத்தம் ஊட்டுவர். சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் அதன்பால் ஈர்க்கப்பட, மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அவ்வோட்டம் மிகின் எலெக்ட்ரான் மிகுதி, குறையின் குறைவு. இஃது 1920-களில் ஆராய்ந்த லாங்மூர் பெயரால் வழங்கும். மின்னோட்டத்தை எண்ணிக்கையாக மாற்றுதற்கு, மேற்றளத்தில் வானொலி அலைகளால் அறிந்த அளவோடு ஒப்பிடுவதும் உண்டு.

எலெக்ட்ரானை எண்ணினாற் போதாதோ, அயனியையும் எண்ணுவது ஏன் என்று சிலர் வினவலாம். மேற்றளங்களிற் போதும், அங்கே இரண்டன் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றே. அடித்தளத்திலோ, சிறப்பாக இரவில், எலெக்ட்ரான்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு ஒட்டி எதிர்மின் அயனிகளாகிவிடும். அங்கே நேர்மின் அயனிகளின் தொகை, எலெக்ட்ரான்களும் எதிர்மின் அயனிகளும் சேர்ந்த தொகைக்கு ஒப்பாகும். ஒன்றை மட்டும் எண்ணுவோன் கணக்கேட்டில் வரவை எழுதிச் செலவை விட்டவன் போல்வான். அயனிகளை எண்ணக் கெர்டியன் 1905-ல் வகுத்த கருவி பயன்படுகின்றது. இருபுறமுந் திறந்த குழாயின் நடுவே ஒரு கம்பி நிற்கும். குழாயினூடே பாயும் காற்றிலுள்ள அயனிகள் மின்னழுத்தத்தால் அக்கம்பியை அடைந்து தம் தொகையை உணர்த்தும்.

இத்தகைய சோதனைகளுக்கு நம் நாட்டில் இடமாயது திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா. காந்த ஊசி சாயாது கிடைமட்டமாய் நிற்கும் காந்த நடுக்கோடு அதனருகே செல்கின்றது. அக்கோட்டின்மேல் சற்றேறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில், பகற்போதில் கிழக்குமுகமாக வலிய மின்னோட்டம் ஓடுதலின், அறிஞர் அவ்விடத்தை விரும்பினர். அங்கிருந்ததோ மீனவர் குடியிருப்பும் மகதலா மரியாள் ஆலயமும். மேற்றிராணியார் பீட்டர் பெர்னார்டு பெரெய்ராவின் இசைவோடு அம்மக்கள் தம் ஆலயத்தையும் மனைகளையும் அறிவாராய்ச்சிக்கு விட்டுக்கொடுத்தனர். ஆலயமே முதல் அலுவலகமாயிற்று. 21-11-1963-ல் முதல் ராக்கெட்டு அங்கிருந்து எழுந்தது. பின்னர் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் லாங்மூர் முனைகளை அங்கிருந்து அனுப்பி, எலெக்ட்ரான் செறிவையும் அதன் ஏற்றத்தாழ்வுகளையும் அளந்தனர்.

இதனாற் பயன் என்னையெனின், கதிரவனிற் பெருங்கனல் எழுங்கால் எக்ஸ் கதிர்கள் அடித்தளத்து எலெக்ட்ரான்களைத் திடீரெனப் பெருக்கும். அப்போது பகற்புறத்தே சிற்றலை வானொலி சிலபோது முற்றும் ஊமையாகும். கடலிற் செல்வோரும் வானிற் செல்வோரும் அதனை நம்பியிருப்பின் செய்தியறியாது தவிப்பர். எவ்வளவு எலெக்ட்ரான் எவ்வளவு அலையை விழுங்கும் என்னும் கணக்குக் கைவந்தாலன்றி அவ்விடரை முன்னறிந்து கூறல் இயலாது. தும்பா மீனவர் விட்டுக்கொடுத்த மண்ணிலிருந்து பெற்ற அளவைகள், கலத்திற் செல்லும் எந்நாட்டார்க்கும் உரியனவாயின. ஒரு கன சென்டிமீட்டரில் ஆயிரம் என்னும் சிற்றெண், இங்ஙனம் பெரும் பொருளுடையதாதலை அறிவோமாக.