இழுப்பெல்லாம் ஆஸ்துமா அல்ல

என் பள்ளி மாணவன் ஒருவனின் தாயாருக்கு ஒன்றரை வருடமாக இழுப்பு. செம்பனைத் தோட்டத்தில் உதிரி பொறுக்கும் வேலை. பாதிச் சாக்கு நிரம்புமுன் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார். டவுன் கிளினிக் ஒன்றில் ஆஸ்துமா என்றார்கள். சளிச் சோதனையிலும் கிருமி தெரியவில்லை. கடைசியில் பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. காசநோய்! இடப்பக்க மூச்சுக்குழாயின் உட்சுவரிலேயே புண்.

வளையும் இந்தக் குழாயை 1960-களில் உருவாக்கியவர் ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இக்கேடா. அதற்குமுன் விறைத்த உலோகக் குழாய்தான். மூச்சுக்குழாய்க் காசநோய் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. எக்ஸ்ரே படம்கூடச் சில சமயம் சுத்தமாக இருக்கும். ஏமாறாமல் என்ன செய்வது?

ஆறு மாத மருந்து தொடங்கியது. முதல் 2 மாதம் நான்கு வகை, அடுத்த 4 மாதம் இரண்டு வகை. (ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.) நான்காம் மாதத்தில் இருமல் நின்றது, ஆனால் மூச்சுத் திணறல் முன்னைவிட மோசம்! "மருந்து ஒத்துக்கொள்ளல, நிறுத்திடு" என்றார் மாமியார். அந்தம்மாளும் நிறுத்தத்தான் இருந்தார்.

நல்லவேளை, டாக்டர் விளக்கினார். வெந்நீர் கொட்டிய புண் ஆறும்போது தோல் சுருங்கி இழுத்துப் பிடிக்கிறதல்லவா? மூச்சுக்குழாயிலும் அப்படித்தான். கிருமியை மாத்திரை கொல்லும். தழும்பை அது தளர்த்தாது. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். புண் ஆறியபின், சுருங்கிய இடத்தில் சிறு பலூனை வைத்து ஊதி விரிப்பார்கள். சிலருக்குத் திரும்பவும் சுருங்கும். மறுபடி விரிக்க வேண்டும். அதுவும் நிற்காவிட்டால் சிலிகான் குழாய் பொருத்துவார்கள், அல்லது அந்தத் துண்டை வெட்டி நீக்கி முனைகளை இணைப்பார்கள். மருந்து முடிந்து பல மாதம் கழித்தும் சுருக்கம் வரக்கூடும். ஆகவே புதிதாக இழுப்பு வந்தால், பழைய காசநோயை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். காசநோய் தட்டிலிருந்து தொற்றுவதில்லை. இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. நோயாளி வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை, 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியே உலகுக்குக் காட்டியது.

அந்தம்மாளுக்கு மூன்று முறை பலூன் வைத்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறார். தட்டும் பழைய அடுக்குக்கே வந்துவிட்டதாகப் பையன் சொன்னான்.