கோடிக்கரைக்குப் போவோமா?

மான் துள்ளும் காடு. மணல் விரிந்த கடற்கரை

விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் ஒரே கேள்விதான். "அப்பா, எங்கே போகலாம்?"

காட்டில் நடக்க வேண்டும் என்பான் பையன். கடலில் குளிக்க வேண்டும் என்பாள் பெண். இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. அதுதான் கோடிக்கரை.

தமிழ்நாட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, நிலம் மூக்கைப் போலக் கடலுக்குள் நீண்டிருக்கும். அந்த மூக்கின் நுனியில் இருக்கிறது இந்த ஊர். கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. கல்கியின் "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்கு ஊர் புதிது அல்ல. அந்தக் கதையில் பூங்குழலி படகு விட்டது இந்தக் கடலில்தான்.

உப்பளம் தாண்டி...

வேதாரண்யத்தில் இருந்து தெற்கே சுமார் 10 கிலோ மீட்டர். பஸ் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் இருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023-ம் ஆண்டு மீண்டும் ரெயில் விட்டார்கள்.

அகஸ்தியம்பள்ளியில் சாலை ஓரத்தில் உப்பு வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும். 1930-ம் ஆண்டு ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியில் இருந்து நடந்தே வந்து, உப்புச் சட்டத்தை மீறியது இந்தப் பகுதியில்தான். குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டே போங்கள். காடு வந்துவிடும்.

அதோ, மான்!

வானுயர்ந்த மரங்களை எதிர்பார்க்காதீர்கள். இது கடற்காற்றில் வளர்ந்த குட்டைக் காடு. பாலை மரங்கள் அதிகம். மழை குறைந்த காலத்திலும் பச்சை மாறாது. காட்டுக்கு வெளியே புல்வெளி. அங்கேதான் வெளிமான்கள் மேய்கின்றன.

ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. கொம்பு முறுக்கிவிட்ட கயிறு போல இருக்கும். பெண் மான் இளம் பழுப்பு நிறம். அதற்குக் கொம்பு கிடையாது. இந்த மான்களைக் காப்பாற்றவே 1967-ம் ஆண்டு இந்தக் காட்டை வனவிலங்கு சரணாலயம் ஆக்கினார்கள். மட்டக்குதிரைகளும் இங்கே கட்டுப்பாடு இல்லாமல் திரிகின்றன. ஒரு காலத்தில் மனிதர் வளர்த்த குதிரைகளின் சந்ததி அவை!

காட்டுக்குள் ஒரு மேடு. அதன் மேல் "ராமர் பாதம்". ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். மேட்டின் உயரம் சுமார் 4 மீட்டர்தான். ஆனால் இந்தச் சுற்று வட்டாரத்தில் அதைவிட உயரமான தரை கிடையாது! அதில் ஏறி நின்றால் காடு பச்சைப் பாய் போலத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை முதல் பறவைகள் வந்து இறங்கும். பூநாரைகள் நீண்ட காலால் சேற்றைக் கலக்கி இரை தேடும். கொசு உள்ளான் என்று ஒரு சிறு பறவை. கைக்குள் அடங்கிவிடும். அது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில் இருந்து பறந்து வருகிறது என்றால் நம்ப முடிகிறதா?

கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே நீராடுகிறார்கள். ஆனால் கடல் எல்லா நாளும் ஒன்று போல் இருக்காது. நீந்தத் தெரியும் என்ற தைரியம் மட்டும் போதாது. இறங்கும் முன்பு கரையில் இருக்கும் மீனவரைக் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். இடுப்பளவு நீரைத் தாண்டாதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். புயல், மழைக் காலத்தில் கடலை எட்ட நின்று பார்ப்பதே நல்லது.

தை மாதத்தில் இருந்து பங்குனி ஆமைகள் இரவில் கரை ஏறி, மணலைத் தோண்டி முட்டை இடும். அங்கே கண்ணாடிப் புட்டியைப் போட்டுவிட்டு வரலாமா?

காடு பட்ட பாடு

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி, நள்ளிரவுக்குப் பின் "கஜா" புயல் இந்தக் கரையைத் தாக்கியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. சில மான்களின் உடல்கள் காரைக்கால் வரை போய் ஒதுங்கின. பிறகு காடு மெல்ல மெல்லத் துளிர்த்தது. மான்களும் புல்வெளிக்குத் திரும்பின.

புயலை நாம் தடுக்க முடியாது. ஆனால் நம்மால் வரும் கெடுதலைத் தடுக்கலாம். சீமைக் கருவேல மரம் பரவி, மான் மேயும் புல்வெளியைக் குறைத்துக்கொண்டு வருகிறது. இதோடு நாம் எறியும் பிளாஸ்டிக் பையும் சேர வேண்டுமா? சோற்று வாசனைக்காக அதை மான் தின்றால், அதன் குடலை அடைத்துக்கொள்ளும்.

"மானுக்கு ஒரு வடை போடட்டுமா?" என்று குழந்தை ஆசையாகக் கேட்கும். "வேண்டாம் கண்ணே, அதற்குப் புல் இருக்கிறது" என்று சொல்லுங்கள். குரங்குக்கும் அப்படியே.

காலையில் போய், பொழுது சாய்வதற்குள் காட்டை விட்டு வந்துவிடுங்கள். குடிதண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டு போங்கள். ஒரு காலிப் பையும் வேண்டும். கொண்டுபோன இலையும் காகிதமும் அந்தப் பையில் உங்களோடு திரும்பி வரட்டும்.

நாளை உங்கள் பேரக்குழந்தையும் அதே மேட்டில் ஏறி நின்று, "அதோ, மான்!" என்று கை தட்ட வேண்டாமா?