படத்தில் சிரிக்கும் குடும்பம், படத்தில் இல்லாத குழந்தைகள்

சாப்பாட்டு மேசை தயாராக இருக்கிறது. சின்னப் பிள்ளை கைகூப்பி, உணவுக்கு முன் சொல்லும் வேண்டுதலைச் சொல்கிறது. மூத்த சகோதரி அருகில் அமர்ந்திருக்கிறாள். தாய் பரிமாறக் காத்திருக்கிறார்.

பிரெஞ்சு ஓவியர் ஷார்டான் வரைந்த இந்தக் காட்சி, 1740இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் அதை மன்னர் பதினைந்தாம் லூயிக்கு வழங்கினார். அரண்மனைக்குள் போன ஓவியத்தைச் சாதாரண மக்கள் எப்படிப் பார்ப்பது?

அதற்கு வழி செய்தது அச்சுக்கலை. செப்புத் தகட்டில் கூரிய எஃகுக் கருவியால் கோடு கோடாகச் செதுக்குவார்கள். கோடுகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரமான தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் பதியும். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். ஓவியம் வாங்க வசதியில்லாதவர்களும் அச்சுப்படம் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

ஷார்டானின் ஓவியத்தை 1744இல் செதுக்கியவர் லெபிசியே. அவர் படத்தின் கீழே நான்கு வரிக் கவிதையும் சேர்த்தார். தம்பி திக்கித் திக்கி வேண்டுவதைப் பார்த்து அக்காள் கமுக்கமாகச் சிரிக்கிறாளாம். பசியில் அவனும் அவசர அவசரமாக முடிக்கிறானாம்! அமைதியான ஓவியம், அந்த வரிகளால் நகைச்சுவைக் காட்சியாகிவிட்டது. இன்று படத்தோடு நாம் போடும் வாசகமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பிறகு இத்தகைய படங்களில் அறிவுரையும் கலந்தது. தாயே பிள்ளைக்குப் பாலூட்ட வேண்டும் என்று ரூசோ 1762இல் ‘எமில்’ நூலில் வலியுறுத்தினார். மகிழ்ச்சியான தாய், கொஞ்சும் தந்தை, கைக்குழந்தை என்ற படங்கள் பரவலாயின. ஓவியர் மொரோ வரைந்து 1777இல் அச்சான ஒரு படத்தின் தலைப்பே ‘தாய்மையின் இன்பங்கள்’. அதில் செல்வந்தத் தம்பதியர் தோட்டத்தில் குழந்தையோடு மகிழ்ந்திருக்கிறார்கள்.

உண்மை நிலை வேறு. பாரிசில் ஆண்டுக்கு ஏறக்குறைய 21,000 குழந்தைகள் பிறப்பதாகவும், அவர்களில் ஆயிரம் பேருக்குத்தான் பெற்ற தாய் பாலூட்டுவதாகவும் நகரக் காவல்துறைத் தலைவர் லெனுவார் 1780இல் மதிப்பிட்டார். பெரும்பாலான குழந்தைகள் கூலிக்குப் பாலூட்டும் செவிலியரிடம், பலர் தொலைதூரக் கிராமங்களுக்கு, அனுப்பப்பட்டனர். பணக்காரர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. கணவனின் வருமானம் போதாமல் கடையிலும் பட்டறையிலும் உழைத்த பெண்களுக்கு வேறு வழியில்லை. அனுப்பப்பட்ட குழந்தைகளில் பலர் உயிரோடு திரும்பவில்லை. அறிவுரை சொன்ன ரூசோவும் தம் ஐந்து பிள்ளைகளை அநாதை இல்லத்தில் விட்டவர்தான்.

அப்படியானால் அந்தப் படங்கள் பொய்யா? அவை அன்றைய மக்கள் விரும்பிய குடும்பத்தைக் காட்டின; வாழ்ந்த குடும்பத்தை அல்ல. பிள்ளையைப் பிரிந்து வேலைக்குப் போன தாய்க்கு, நல்ல தாய் என்ற அந்தப் படத்தில் இடமில்லை.

வரலாற்றுத் தேர்வில் ஒரு படத்தைச் சான்றாகக் கொடுத்தாலும், கைப்பேசியில் ஒரு குடும்பப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்: இதை உருவாக்கியவர் யார்? யாருக்காக உருவாக்கினார்? இதில் யார் இல்லை?