பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (24 டிசம்பர் 1935 – 24 நவம்பர் 2008) இந்தியக் கால்பந்து அணியின் கோல் காப்பாளர். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளர்களுள் ஒருவராகக் கருதப்பட்டவர்.

தொடக்க காலம்

தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்தார். செக்கந்தராபாத்தில் உள்ளூர் அணிகளுக்காக ஆடத் தொடங்கியபோது அவர் கோல் காப்பாளர் அல்லர். கோல் அடிக்கும் முன்கள வீரர். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடினார். அங்குதான் கோல் காப்பாளராக மாறினார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம் அவருக்குக் கைகொடுத்தது. பக்கவாட்டிலிருந்து உயர்த்தி அடிக்கப்படும் பந்தை, எதிரணி வீரரின் தலைக்கு எட்டுமுன் அவரால் கைப்பற்ற முடிந்தது. இந்த அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது.

பன்னாட்டு ஆட்டங்கள்

1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்கான இந்திய அணிகளில் தங்கராஜ் இடம்பெற்றார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஜகார்த்தா இறுதி ஆட்டம்

1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென் கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. தங்கராஜ் காய்ச்சலால் பாதிக்கப்பட்டிருந்ததால், இடையில் பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென் கொரியாவே எதிரணியாக வந்தது. அரையிறுதியில் வென்ற அணியை மாற்றுவது எளிய முடிவன்று. இருப்பினும் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம், உயரப் பந்துகளைச் சமாளிக்க வல்ல தங்கராஜையே களமிறக்கினார்.

இசுரேலும் தைவானும் போட்டியில் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி கண்டித்திருந்ததால், அரங்கில் இந்திய வீரர்களுக்கு எதிராகப் பெருங்கூச்சல் எழுந்தது. பி. கே. பானர்ஜியும், தலையில் தையலுடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் முதல் பாதியிலேயே தலா ஒரு கோல் அடித்தனர். தென் கொரியாவால் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கோல் மட்டுமே போட முடிந்தது. 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அதன் பின்னர் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.

பிற்காலம்

தங்கராஜ் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். 1967இல் அருச்சுனா விருது பெற்றார். ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகப் பணியாற்றி, பொக்காரோவில் இளம் வீரர்களை உருவாக்கினார். அங்கேயே காலமானார்.

கோல் அடித்தவர்களின் பெயர்கள் ஆட்டக் குறிப்பில் பதிவாகும். தடுக்கப்பட்ட கோல்களுக்கு அங்கே இடமில்லை. ஜகார்த்தா வெற்றியில் தங்கராஜின் பங்கை, தென் கொரியாவுக்குக் கிடைக்காத கோல்களைக் கொண்டே அளவிட வேண்டும்.