குரலை நம்பிய காடு

கொள்ளேகாலத்தில் ஏறி, ஹனூரைத் தாண்டி, மாதேசுவரன் மலையை நோக்கிச் செல்லும் பஸ்ஸில் வந்த நான், கௌதள்ளியில் தேநீர் அருந்துவதற்காக இறங்கிய சமயத்தில் ஓர் அற்பமான விவகாரத்தைக் கண்டேன். வாலிபன் ஒருவன் இரண்டு டீயும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் வாங்கிக்கொண்டு, பணம் செலுத்தியாயிற்று என்பதற்கு அத்தாட்சியாகப் பச்சைக் குறி விழுந்த தன் செல்போன் திரையைக் கடைக்கார அம்மாளிடம் நீட்டினான். அம்மாளோ அதைக் கண்ணெடுத்தும் பாராமல், பாய்லருக்கு அருகே விபூதிப் பட்டை தீட்டப்பெற்று வீற்றிருந்த சிறியதோர் ஒலிப்பெட்டியையே நோக்கி நின்றாள். “அது சொல்லட்டும்ப்பா” என்றாள். சற்றுப் பொறுத்து அந்தப் பெட்டி வாய் திறந்து கன்னடத்தில் தொகையைச் சொன்ன பிறகுதான் பொட்டலம் கைமாறிற்று.

“படத்தை நம்பக் கூடாதா அம்மா?” என்று கேட்டேன்.

“படத்தை யாரு வேணா செஞ்சுக்கலாம் சாமி. போன மாசம் ரெண்டு பேரு பழைய படத்தைக் காட்டிட்டு மலைக்குப் போயிட்டாங்க. குரல் வந்தாத்தான் காசு.”

குரல் வந்தால்தான் காசு என்ற அந்த வாசகம், நான் மலைக்குப் போகும் வழியெல்லாம் கூடவே வந்தது. ஏனெனில், இதே பிரதேசத்திலிருந்து ஒரு குரல் வருமா வராதா என்று இரண்டு ராஜ்யங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த காலம் ஒன்று உண்டு.

கௌதள்ளி இன்று சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர் வட்டத்தில் அடங்கியது. 1997 வரை மைசூர் ஜில்லாவில் இருந்தது. அதற்கும் முன்னால், 1956-இல் மாகாணங்கள் மொழிவழி பிரிக்கப்படும் வரையில், கொள்ளேகால் தாலுகா முழுவதுமே சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகும். எனவே இங்கே ஒரே வாக்கியம் தமிழில் புறப்பட்டுக் கன்னடத்தில் போய் இறங்குவதில் வியப்பில்லை. எல்லைக்கோடு காகிதத்தில் இருந்தது. காட்டுக்கு அது தெரியாது. போலீசாருக்கோ அது நன்றாகத் தெரிந்திருந்தது என்பதுதான், சுமார் 6,000 சதுர கிலோமீட்டர் வனத்தில் சந்தனக் கட்டை கடத்திய வீரப்பன் அத்தனை வருஷங்கள் நிலைத்ததற்கு ஒரு பிரதான காரணம்.

1992 மே மாதத்தில் இந்தப் பக்கத்து இராமாபுரம் போலீஸ் நிலையம் வீரப்பன் கூட்டத்தாரால் தாக்கப்பட்டு ஐந்து காவலர்கள் மாண்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்யத்தில், துப்புக் கொடுப்பதாக வந்த ஆளை நம்பிப் புறப்பட்ட சூப்பரிண்டெண்ட் ஹரிகிருஷ்ணாவும் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவும் பதிவிருப்பில் சிக்கிக் கொல்லப்பட்டனர். 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். விசித்திரமான பொருத்தம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதே 1993-இன் வசந்த காலத்தில்தான், அமெரிக்காவில் ராண்ட் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஜான் ஆர்க்கில்லா, டேவிட் ரான்ஃபெல்ட் என்ற இருவர், இனி வரும் யுத்தங்களில் படையின் பருமனைவிடச் செய்தியின் ஓட்டமே வலிமை பெறும் என்றும், மேலிருந்து கீழாகக் கட்டளை இறங்கும் கோபுர அமைப்பை, தலையும் வாலும் இன்றிப் பின்னப்பட்ட வலையமைப்பு திணறடிக்கும் என்றும், வலையை எதிர்க்க இன்னொரு வலையே வேண்டும் என்றும் வாதாடினார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது கம்ப்யூட்டர். இங்கே ஆடு மேய்ப்பவரும், மூங்கில் வெட்டுபவரும், காட்டுக்குள் அரிசி சுமந்து போனவரும் கம்பியில்லாமலே அந்த வலையைப் பின்னியிருந்தார்கள். அச்சத்தால் சிலர், காசுக்காகச் சிலர், உறவுக்காகச் சிலர்.

2000 ஜூலை 30-ஆம் தேதி இரவு, தாளவாடிக்கு அருகில் தொட்ட காஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கொண்டுபோனபோது, அந்த வலையின் முழு வீச்சும் வெளிப்பட்டது. பெங்களூர் மாநகரம், உலகத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் கணினி நிரல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பட்டணம், கடையடைப்பிலும் கலவரத்திலும் முடங்கியது. அதன் கதியை நிர்ணயிக்க வந்ததோ, பாட்டுக் கேட்க நாம் வாங்குகிற சாதாரண ஒலிநாடா. ‘நக்கீரன்’ பத்திரிகை ஆசிரியர் கோபால் தூதராகக் காட்டுக்குள் போவதும், நாடாவுடன் திரும்புவதும், இரண்டு முதலமைச்சர்கள் அதைக் கேட்பதுமாக நாட்கள் கழிந்தன. கடத்தியவனுடைய கோரிக்கைகளில் காவிரியும், பெங்களூரில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையும், கர்நாடகத்தில் தமிழுக்கு அந்தஸ்தும் இடம்பெற்றன. சந்தனக் கட்டை வியாபாரியின் வாயில் இவையெல்லாம் ஏறியது எப்படி என்று அப்போது பலர் ஆச்சரியப்பட்டார்கள். வலைக்கு அதுதான் லட்சணம்: ஒரு முனையில் முடிச்சு விழுந்தால் வேறு எங்கோ இருக்கும் இயக்கத்தின் இழை அதில் வந்து சேர்ந்துகொள்ளும். 1994-இல் மெக்சிக்கோவின் காடுகளிலிருந்து கிளம்பிய ஜப்பாத்தியக் கிளர்ச்சியாளர்களின் அறிக்கைகளைப் பட்டணத்து ஆதரவாளர்கள் இணையத்தில் ஏற்றி உலகெங்கும் பரப்பியதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அவர்களைப் போன்ற கொள்கைப்பற்று வீரப்பனுக்கு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை; செய்தி பயணம் செய்த மார்க்கம் ஒன்றுதான்.

வீரப்பன் கேட்டபடி, ‘தடா’ என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கைதிகளை விடுவித்து விஷயத்தை முடித்துவிட அரசுகள் தயாராயிருந்தபோது அதைத் தடுத்து நிறுத்தியவர் ஒரு முதியவர்: மீண்யத்தில் மாண்ட ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம். அவர் தொடுத்த வழக்கில் 2000 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நவம்பர் 15-இல், 108-ஆவது நாள், ராஜ்குமார் திரும்பினார். இந்த 108 நாட்களுக்குள்ளேயே, அக்டோபர் 17-ஆம் தேதி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்தியாவில் அமலுக்கு வந்தது. அதன் 66-ஆம் பிரிவு ‘ஹேக்கிங்’ செய்வோருக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்தது. நாடே ஒலிநாடாவுக்குக் காது கொடுத்திருந்த நேரமாதலால் அதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஹேக்கர் என்ற சொல்லுக்கு ஆதியில் இவ்வளவு பழி கிடையாது. 1950-களில் அமெரிக்க எம்.ஐ.டி. கலாசாலையின் பொம்மை ரயில் சங்கத்து மாணவர்கள், ரயில் பாதையின் மின் இணைப்புகளைக் குடைந்து குடைந்து சாதுரியமாகச் செய்த வேலைக்கு இட்ட செல்லப்பெயர் அது. அந்தக் குறும்பு யுத்தத்தோடு கைகோத்த ஆரம்ப சம்பவங்களில் ஒன்று, சொல்லப்போனால், தமிழர் கதையைச் சேர்ந்தது. 1998-இல் ‘இணையக் கரும்புலிகள்’ என்று தம்மைக் கூறிக்கொண்டவர்கள் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் அனுப்பி அவற்றின் தபால் பெட்டிகளைத் திணறச் செய்தனர்; பயங்கரவாத இயக்கமொன்று ஒரு தேசத்தின் கணினிகள்மீது தொடுத்த முதல் தாக்குதல் இதுவே என்று அமெரிக்க உளவுத்துறையினர் அதைக் குறித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில், பொக்ரான் அணுவெடிச் சோதனை முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ‘மில்வார்ம்’ என்ற குழுவைச் சேர்ந்த வெளிநாட்டு இளைஞர்கள், மீசை முளைக்கும் வயதுப் பிள்ளைகள், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் கணினிகளில் நுழைந்து கடிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இவை எனக்கு அவ்வளவாக வியப்பளிப்பதில்லை. பூட்டு இருந்தால் கள்ளச் சாவியும் இருக்கும்.

என்னைக் கவர்ந்தவன் கெவின் மிட்னிக் என்ற அமெரிக்க ஹேக்கர். பன்னிரண்டு வயதுப் பையனாயிருக்கையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகர பஸ் டிரைவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்து, பள்ளிக்கூட வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, டிக்கெட்டில் துளையிடும் கருவி எங்கே விற்கிறது என்று கேட்டறிந்தான், கருவியை வாங்கினான், டிப்போவின் குப்பைத் தொட்டியில் எறியப்பட்டிருந்த பாதிக் கட்டுச் சீட்டுகளைப் பொறுக்கி, தானே துளையிட்டு நகரெங்கும் இலவசமாகச் சுற்றினான். பிற்காலத்தில் பெரிய கம்பெனிகளின் ரகசியங்களை அவன் அடைந்ததற்கும், 1995-இல் பிடிபடும் வரை போலீசாருக்கு டிமிக்கி கொடுத்ததற்கும் அந்தப் பேச்சுச் சாமர்த்தியமே மூலதனம். இயந்திரத்தை உடைப்பதைவிட இயந்திரத்தின் காவலாளியை நம்பவைப்பது சுலபம் என்று அவன் சிறு வயதிலேயே கண்டுகொண்டான்.

கௌதள்ளிக் காட்டின் யுத்தமும் கடைசியில் இந்த வித்தையால்தான் முடிந்தது. பத்தாண்டுக்கு மேல் இரு மாநில அதிரடிப்படைகளும் முடிச்சுகளைத் தேடுவதாக எண்ணிக் கிராமத்தாரைப் பிடித்து உலுக்கின. எவன் எத்தனை படி அரிசி வாங்கினான் என்பதுகூடக் குற்ற விசாரணைக்குரிய விஷயமாயிற்று. நீதிபதி சதாசிவா குழு அந்தக் கொடுமைகளை விசாரித்ததும், 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கச் சொன்னதும் பதிவான சரித்திரம். அத்தனை உலுக்கலிலும் வலை அறுந்தபாடில்லை. 2002 ஆகஸ்டில், கௌதள்ளிக்கு வரும் இதே பாதையிலுள்ள காமகெரேயிலிருந்து முன்னாள் அமைச்சர் நாகப்பாவைக் கொண்டுபோக வீரப்பன் கூட்டத்தாரால் முடிந்தது. டிசம்பரில் பிணமாகத்தான் அவர் கிடைத்தார். பிறகு விஜயகுமார் தலைமையில் வந்த தமிழகப் படை வேறு யோசனை செய்தது. அதிகாரபூர்வமான விவரத்தின்படி, போலீசாரின் ஆட்களே வலைக்குள் புகுந்து நம்பிக்கை சம்பாதித்தார்கள், கண் பார்வை மங்கியிருந்த வீரப்பனை வைத்தியத்துக்கென்று வெளியே அழைத்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, அதை ஓட்டியவர் போலீஸ்காரர். 2004 அக்டோபர் 18-ஆம் தேதி இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்கு அருகே அந்த வண்டி நின்றது. வீரப்பனும் மூன்று கூட்டாளிகளும் சுடப்பட்டு இறந்தார்கள். இந்த விவரத்தை ஏற்காத மனித உரிமையாளர்களும் உண்டு. ஆனால் படை சொன்ன கதையையே எடுத்துக்கொண்டாலும், மீண்யத்தில் பொய்த் துப்பைக் கொண்டு வீரப்பன் போலீசாருக்குச் செய்ததைத்தான், பன்னிரண்டு வருஷம் கழித்து ஆம்புலன்ஸைக் கொண்டு போலீசார் அவனுக்குச் செய்தார்கள்.

மலையில் சுவாமி தரிசனம் முடிந்து திரும்பும்போது பஸ் மறுபடியும் கௌதள்ளியில் நின்றது. மழைத் தூற்றலில் சிக்னல் போய்விட்டது போலும். கூட்டம் கூடியிருந்தும் ஒலிப்பெட்டி ஊமையாக இருந்தது. சாமான் வாங்கிய பையன் செல்போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாள் டீ ஆற்றியபடியே கேட்டாள்:

“எந்த ஊரு?”

“பொன்னாச்சி.”

“யாரு மகன்?”

பையன் தகப்பன் பெயரைச் சொன்னான். அவள் அவன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு அடுப்படியிலிருந்து கரித்துண்டை எடுத்து, சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரத்தில் அறுபது என்று எழுதிக்கொண்டு, “போய்ட்டு வா, வெள்ளிக்கிழமை குடு” என்றாள்.