ஓராசனத்தில் மூவர்

அணுக்கதிர் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பலருக்கு உடல் நடுங்குகிறது. அண்மையில் என் வகுப்பு மாணவன் ஒருவன், "ஸார், வாழைப்பழத்தில் அணுக்கதிர் உண்டாமே; அதைத் தின்னலாமா?" என்று வினவினான். மற்றப் பிள்ளைகள் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. அவன் கேள்விப்பட்டது மெய்யே. பழத்தில் மட்டுமன்று, அவன் உடலிலும் அது உண்டு.

வாழைப்பழத்தில் பொட்டாஸியம் என்னும் மூலகம் இருக்கிறது. அதன் அணுக்கருவில் 19 புரோட்டான்கள். இந்த எண்தான் மூலகத்தின் குலப்பெயர். 20 ஆகிவிட்டால் அது கால்ஷியம். ஆனால் கருவில் மின்சாரமற்ற நியூட்ரான்களும் உள. இயற்கையில் கிடைக்கும் பொட்டாஸியத்தில் அவற்றின் தொகை 20, 21, 22 என மூவகைப்படும். ஆகவே 39, 40, 41 என்ற எடையுள்ள மூன்று சகோதரர்கள். ரஸாயனக் குணத்தால் இவர்களைப் பிரித்தறிதல் அரிது. இத்தகையோரை 1913-ல் ஆங்கில விஞ்ஞானி ஸாடி 'ஐஸோடோப்' என்று அழைத்தார். மூலக அட்டவணையில் ஓரிடத்தில் அமர்வோர் என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. அதை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் வைத்தியர். பாடப் புத்தகங்கள் இந்த அம்மையாரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

மூவரில் 40 மட்டும் அமைதியின்றித் தவிப்பானேன்? புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுபவை. அவற்றைப் பிணைத்து வைப்பது, மிக நெருங்கிய தூரத்தில் மாத்திரம் வேலை செய்யும் ஒரு வலிய சக்தி. நியூட்ரான் இப்பிணைப்புக்கு உதவும், தள்ளுவதில் சேராது. எனினும் அதன் தொகை மிகுந்தாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. யுரேனியம் போன்ற பெருங்கருவில் 92 புரோட்டான்களின் தள்ளுகை மிகுதியாதலால், எத்தனை நியூட்ரான் கூடினும் நிலைபேறு இல்லை. பொட்டாஸியத்தின் கோளாறு வேறு. புரோட்டானோடு புரோட்டானும், நியூட்ரானோடு நியூட்ரானும் ஜோடி சேர்ந்திருந்தால் கரு உறுதிப்படும். நமது 40-லோ 19, 21 என இரண்டும் ஒற்றைப்படை. இரு பக்கத்திலும் ஒவ்வொன்று துணையின்றி நிற்கிறது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் 20, 20: கால்ஷியம். ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறினால் 18, 22: ஆர்கான் வாயு. எவ்வழியாயினும் ஜோடி கூடிவிடும். அப்போது மிஞ்சும் சக்தியே கதிராக வெளிப்படுகிறது.

எந்த அணு எந்தக் கணத்தில் மாறும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் கூட்டத்தில் பாதி மாறுவதற்கு 125 கோடி ஆண்டு ஆகும் என்பது நிச்சயம். ஆதலால்தான் பூமி தோன்றியபோது இருந்தவற்றில் ஒரு சிறு பங்கு, பொட்டாஸிய அணு 10,000-க்கு ஒன்று வீதம், இன்னும் எஞ்சியிருக்கிறது. வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 140 கிராம் பொட்டாஸியம் உண்டு. அதில் ஒவ்வொரு விநாடியும் 4,000-க்கு மேற்பட்ட அணுக்கள் மாறுகின்றன.

இதற்காகப் பழத்தை ஒதுக்க வேண்டுமா? உடல் தனக்கு வேண்டிய பொட்டாஸியத்தை வைத்துக்கொண்டு, மிகுதியைக் கழித்துவிடும். ஒரு பழம் தின்பதால் இக்கணக்கு உயர்ந்துவிடாது. மாணவனைத் தாராளமாகத் தின்னச் சொன்னேன். "அந்த ஆர்கான் எங்கே போகும், ஸார்?" என்றான். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான். அதில் பெரும்பகுதி, பாறைகளில் இருந்த இந்தப் பொட்டாஸியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறி மாறிச் சேர்ந்ததே.